இடியாப்பத்துக்கு வெந்நீர்... நூடுல்ஸுக்கு பச்சைத் தண்ணீர்... மாவுக்குள் நடப்பது என்ன?

சாத்தான்குளம் பக்கம் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் வறுத்த அரிசி மாவு.

"ஏ ஆச்சி, யூடியூப்ல நூடுல்ஸ் மாவுக்கு பச்சத் தண்ணிதான ஊத்துதாவ... நீ மட்டும் ஏன் கொதிக்கக் கொதிக்க ஊத்துத?" என்று கேட்கிறாள் பேத்தி.

"பச்சத் தண்ணி ஊத்துனா பிழிய வராதுளா, பொடிஞ்சுரும்" என்கிறார் ஆச்சி. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. மாவு ஆறுவதற்குள் பிசைய வேண்டுமே!

தெற்கத்தி வீடுகளில் எங்கேயும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஏன் சரி? அந்த ஒரு கேள்விக்குள்தான் நூடுல்ஸ் அறிவியலில் பாதி அடங்கியிருக்கிறது. இடியாப்பம், சேவை, சேமியா, பாக்கெட் நூடுல்ஸ் எல்லாமே மாவை இழையாக்கி வேகவைக்கும் பண்டங்கள்தான். அந்த இழை ஏன் நிற்கிறது, ஏன் உடைகிறது, ஏன் சில நேரம் களியாகிவிடுகிறது? பார்க்கலாம்.

கோதுமைக்குள் ஒரு வலை

முதலில் கோதுமை. மைதாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. மாவு காய்ந்து கிடக்கும் வரை இவை சும்மா இருக்கும். தண்ணீர் பட்டு, கையோ இயந்திரமோ பிசைந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு வலையாக மாறும். அந்த வலைக்குப் பெயர்தான் குளூட்டன். குளூட்டெனின் மாவுக்கு விறைப்பைக் கொடுக்கிறது, கிளையாடின் இழுபடும் தன்மையைக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரப்பர் மாதிரி.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் எல்லாம் வேண்டாம். சாயங்காலம் ஏதாவது ஒரு பரோட்டா கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மாஸ்டர் வீசும்போது மாவு கண்ணாடி மாதிரி விரிகிறதே, கிழிய மாட்டேன் என்கிறதே... அதுதான் குளூட்டன். பிசைந்த மாவை எண்ணெய் தடவி ஊற வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. பிசைந்த கையோடு இழுத்தால் வலை விறைத்துக்கொண்டு பின்னால் சுருங்கும். ஊறினால் தளர்ந்து கொடுக்கும்.

நூடுல்ஸ் ஆலையில் பரோட்டா மாவு அளவுக்குத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 100 கிலோ மாவுக்கு சுமார் 30 முதல் 35 கிலோ தண்ணீர்தான். பார்த்தால் புட்டு மாவு மாதிரி உதிரியாகத்தான் இருக்கும். அதை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு, ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் குறைத்து, மெல்லிய தகடாக்குவார்கள். அந்த அழுத்தத்தில்தான் வலை முழுசாகப் பின்னுகிறது. பிறகு வெட்டினால் நூல்.

இதில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும்? முட்டை வெந்தால் திரும்பப் பச்சை முட்டை ஆகாது அல்லவா, அதுபோல வெப்பத்தில் அந்தப் புரதங்களின் வடிவம் கெட்டுவிடும். வலை சரியாகப் பின்னாது. சப்பாத்தி மாவுக்கு வெந்நீர் ஊற்றினால் மெத்தென்று வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ரப்பர் குணம் குறைகிறது, மென்மை கூடுகிறது. சப்பாத்திக்கு அது வரம், நூடுல்ஸுக்கு அது சாபம். யூடியூபில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

அரிசிக்கு வலை இல்லை... அப்புறம் எப்படி?

அரிசியிலும் புரதம் இருக்கிறது, சுமார் 7 சதவீதம். ஆனால் அது குளூட்டனாகப் பின்னிக்கொள்ளும் ரகம் இல்லை. அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரம் பிசைந்தாலும் ஈர மணல்தான். தேரிக்காட்டு மண்ணை நனைத்துப் பிடித்த மாதிரி. காய்ந்தால் உதிர்ந்துவிடும்.

அப்போது இழையைப் பிடித்து வைப்பது எது? மாவுச்சத்து!

அரிசியின் மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் இந்த மணிகள் கரையாது, பெரிதாக உப்பாது. வெப்பம் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கதை மாறுகிறது. மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, வெடித்து, பசையாகின்றன. போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் பசை இதே வேலைதான். அரிசி ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 டிகிரிக்குள் இது நடந்து முடியும்.

ஆச்சி வெந்நீர் ஊற்றும்போது மாவின் ஒரு பகுதி மட்டும் இப்படிப் பசையாகிறது. அந்தப் பசை, வேகாத மீதி மாவை ஒட்டிப் பிடிக்கிறது. கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே வெந்நீர் செய்ய வைக்கிறது.

"வெந்நீர்தான் ஊத்தினேன், இருந்தாலும் உடைஞ்சு உடைஞ்சு விழுது" என்பது பல வீடுகளில் கேட்கும் புலம்பல். கணக்கு எளிது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. மாவு 30 டிகிரி. இரண்டும் ஏறக்குறைய சம எடையில் சேர்ந்து, பாத்திரமும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டால், கலவை 70 சொச்சம் டிகிரியில் வந்து நிற்கும். பசையாக அது போதும். அடுப்பை அணைத்துவிட்டு, போன் பேசி முடித்துவிட்டு வந்து ஊற்றினால்? தண்ணீர் 80-க்கு இறங்கியிருக்கும், கலவை 60-ஐ ஒட்டிப் போய்விடும். பசை பிடிக்காது. ஆக, பிரச்னை பெரும்பாலும் மாவில் இல்லை, அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான். மாவு வறுத்த சூடு ஆறாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. தண்ணீர் அதிகமாகி மாவு அளவுக்கு மீறிப் பசையாகிவிட்டால் அச்சில் இருந்து இறங்காது. கை வலிக்கும், அச்சு உடையும், வீட்டில் சண்டை வரும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அச்சில் ஒட்டுவதைக் குறைக்கும். அதிகப்படி தண்ணீரை அது சரிசெய்யாது.

சேவை செய்கிறவர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். மாவை முதலில் கொழுக்கட்டையாக முழுசாக வேகவைத்து, பிறகு சூட்டோடு சேவை நாழியில் பிழிகிறார்கள். பசை முழுமையாக உருவான பிறகு இழையாக்குவதால் சேவை இழை கொஞ்சம் நீளமாக, உறுதியாக நிற்கும். ஆனால் பிழிய பலம் வேண்டும்!

இறக்கியதும் தட்டாதீர்கள்

இட்லித் தட்டிலிருந்து இறக்கிய கையோடு இடியாப்பத்தை எடுத்தால் பிய்ந்துவிடும். இரண்டு நிமிடம் விட்டால் அழகாக வரும். ஏன்?

மாவுச்சத்தில் இரண்டு பங்காளிகள். ஒன்று அமைலோஸ், நேரான சங்கிலி. மற்றொன்று அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரியும் மரம். வெந்து ஆறும்போது நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து அடுக்கிக்கொள்ளும். இழை இறுகும். கிளை கிளையாக இருப்பவை அப்படிச் சட்டென்று அடுக்க முடியாமல் பிசுபிசுவென்று நிற்கும். காலையில் செய்த இடியாப்பம் மதியம் விறைத்துக் கிடப்பதும் இந்த அடுக்கல் தொடர்வதால்தான். மறுபடி ஆவியில் காட்டினால் அடுக்கு தளர்ந்து மென்மை திரும்பும்.

கடையில் கிடைக்கும் உலர்ந்த அரிசி சேவை பாக்கெட்டுக்குப் பின்னாலும் இதே வித்தைதான். ஆவியில் வெந்த இழையைச் சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, இறுகவிட்டு, அதன் பிறகுதான் காயவைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் வாங்குகிறவர் வீட்டில் சேவை குழைந்துபோகும்.

அப்போ எந்த அரிசி?

இழை பிரிந்து நிற்க அமைலோஸ் கூடுதலான அரிசி வேண்டும். மாவுச்சத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அமைலோஸ் இருந்தால் 'அதிக அமைலோஸ்' அரிசி என்பது வழக்கமான வகைப்பாடு. அரிசி நூடுல்ஸுக்கு உலகம் முழுக்கத் தேடுவது இதைத்தான். கவுனி மாதிரி இயல்பிலேயே ஒட்டும் அரிசியில் அமைலோஸ் குறைவு. இனிப்புப் பொங்கலுக்கு அது அருமை, ஆனால் தனியாக இடியாப்பம் பிழிந்தால் இழைகள் கட்டிப்பிடித்துக்கொள்ளும். வேறு அரிசி மாவு கலக்கத்தான் வேண்டும்.

தாமிரபரணிக் கரையைப் பொறுத்தவரை அரிசிக்குப் பஞ்சமில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. ஏஎஸ்டி என்ற எழுத்துகளோடு வரும் நெல் ரகங்கள் அங்கே பிறந்தவை. அதில் ஏஎஸ்டி 16 என்ற குண்டு ரகத்தை இட்லி அரிசியாகத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். சாத்தான்குளம் ஆற்றுப் பாசனத்துக்குத் தள்ளி, பனையும் செம்மண்ணுமாக இருக்கிற ஊர். ஆனாலும் ஆற்றங்கரை அரிசியும் உடன்குடிக் கருப்பட்டியும் ஒரே தட்டில் சந்திப்பது இந்தப் பக்கத்துக் காலைச் சாப்பாட்டில்தான்.

ரகத்தை விட முக்கியமான ஒன்று, அரிசியின் வயசு. புது அரிசி பிசுக்கும். சில மாதங்கள் கிடந்த பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், குறைவாக ஒட்டும். அடுத்தது அரைவை. புட்டுக்கு அரைத்த மாதிரி கொரகொரப்பாக இருந்தால் சூடு உள்ளே போவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். மில்லில் கொடுக்கும்போதே "இடியாப்பத்துக்கு" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

நெல்லைச் சொதியில் போடும் பாசிப்பருப்புக்கும் நூடுல்ஸ் உறவு உண்டு. சீனாவில் கண்ணாடி மாதிரி மினுங்கும் நூடுல்ஸ் செய்வது பாசிப்பயறின் மாவுச்சத்தில்தான். அதில் அமைலோஸ் அதிகம். எவ்வளவு கொதித்தாலும் இழை கரையாது.

2 நிமிடத்தில் எப்படி வேகிறது?

வேகவில்லை. ஏற்கெனவே வெந்துவிட்டது!

1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸின் அடிப்படை இன்றும் மாறவில்லை. வெட்டிய நூலை ஆவியில் வேகவைத்து, சுமார் 140 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகச் சீறி வெளியேறும். அது போன வழியெல்லாம் நுண்ணிய துளைகள். வீட்டில் நாம் கொதிநீர் ஊற்றும்போது, அந்தத் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே பாய்கிறது. அதுதான் 2 நிமிடம்.

துளைகளில் தண்ணீர் மட்டுமா போகும்? பொரிக்கும்போதே எண்ணெய் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. பொரித்த நூடுல்ஸ் கட்டியின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய்தான். சூடான காற்றில் உலர்த்தும் வகைகளும் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் கொழுப்பு குறைவு, துளைகளும் குறைவு, அதனால் வேக நேரம் பிடிக்கும். பாக்கெட்டில் எது என்று தெரிய வேண்டுமா? பின்பக்கம் கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

மஞ்சள் நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பல நூடுல்ஸ் மாவில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற கார உப்புகள் கொஞ்சம் சேர்ப்பார்கள். மாவில் இயல்பாக உள்ள நிறமிகள் காரம் பட்டதும் மஞ்சளாகும், இழையும் விறைப்பாகும். நம்ம ஊர் அப்பளக் காரத்தின் அண்ணன் தம்பிதான் இது. அப்பளத்தில் போட்டால் யாரும் பயப்படுவதில்லை!

மெழுகு பூசுகிறார்களா?

"நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க மெழுகு தடவுகிறார்கள், உடம்பிலிருந்து வெளியேற நாலு நாளாகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. தேவையே இல்லாத வேலை அது. ஆவியில் வெந்து, எண்ணெயில் பொரிந்து, மேல்பக்கம் எண்ணெய்ப் படலத்தோடு இருக்கும் இழை தானாகவே ஒட்டாது. கொதிநீரில் மேலே மிதக்கும் பளபளப்பு அந்தப் பொரித்த எண்ணெய்தான்.

மெழுகுக்குப் பயப்படும் நேரத்தில் மசாலா பாக்கெட்டைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு. ஒரு பாக்கெட் நூடுல்ஸிலேயே அதில் பெரும் பங்கு போய்விடுகிறது. பெரும்பாலான உப்பு இருப்பது மசாலாவில். பாதி மசாலா போட்டுச் சமைத்தால் அது அப்படியே குறைகிறது. பிள்ளைகளுக்கு ருசி பழகக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்.

2015-ல் நடந்தது என்ன?

நூடுல்ஸ் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது மேகி விவகாரம். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரி, கொல்கத்தா ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டபோது ஈயம் 17.2 பிபிஎம் இருந்ததாக முடிவு வந்தது. அனுமதி அளவு 2.5 பிபிஎம். தமிழ்நாடு அரசு 2015 ஜூன் 4-ல் மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாள், ஜூன் 5-ல், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னது.

ஆகஸ்ட் 13-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது காரணம். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது. அவற்றில் ஈயம் அனுமதி அளவுக்குள் இருந்ததால் நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது.

இதில் ஈயமும் அஜினோமோட்டோவும் ஒரே பஞ்சாயத்தாகக் குழப்பப்பட்டன. இரண்டும் வேறு வேறு. ஈயம் நச்சு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மோனோசோடியம் குளூட்டமேட் என்பது 1908-ல் ஜப்பானின் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து கண்டறிந்த சுவைப் பொருளின் உப்பு. குளூட்டமேட் தக்காளியிலும் இயற்கையாக இருக்கிறது. அங்கே சண்டை, 'சேர்க்கப்படவில்லை' என்று பாக்கெட்டில் அச்சிட்டதைப் பற்றியது. இது லேபிள் பிரச்னை, அது விஷப் பிரச்னை.

அடுப்பில் செய்யும் தப்பு

கொதிக்காத தண்ணீரில் நூடுல்ஸையோ சேமியாவையோ போடுவதுதான் முதல் தப்பு. தண்ணீர் மெல்லச் சூடேறும்போது மேல்பக்கத்து மாவுச்சத்து மட்டும் பசையாகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், உள்ளே வேகாது. தளதளவென்று கொதிக்க வேண்டும், தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். வடிகட்டும் வகை என்றால் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் வைத்தால் நல்லது.

வடித்த தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு தடவை பாருங்கள். ஆய்வகங்களில் நூடுல்ஸ் தரத்தை அளக்கும் முக்கியமான சோதனையே அதுதான். வெந்த தண்ணீரை வற்றவைத்து, எவ்வளவு மாவு கரைந்து வெளியே வந்தது என்று எடை போடுவார்கள். வீட்டில் தராசு வேண்டாம், கண் போதும். சரியான நேரம் வேகவைத்தும் கஞ்சி மாதிரி வெளுத்திருந்தால், அந்தப் பிராண்டின் மாவு பலவீனம்.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. காரத்தன்மை கூடிய தண்ணீரில் இழையிலிருந்து மாவு அதிகம் கரையும். கடலோரத்தை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பது தெரிந்த கதை. அப்படிப்பட்ட தண்ணீரில் நூடுல்ஸ் குழைந்தால், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம்.

சேமியாவை வறுப்பதும் சும்மா மணத்துக்காக மட்டுமில்லை. நெய்யோ எண்ணெயோ இழையைச் சுற்றிப் படிவதால் ஒட்டல் குறைகிறது. அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டப் பட்டியலிலும் சேமியா உப்புமா இருக்கிறது. அண்டா அளவில் சமைக்கும்போது, இறக்கிய பிறகும் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். முழுசாக வேகும் முன்னாலேயே இறக்குவது அதனால்தான்.

இடியாப்பம் என்றால் சர்க்கரை ஏறாதா?

"ஆவியில வெந்ததுதான, ஒண்ணும் செய்யாது" என்று நீரிழிவு உள்ளவர்கள் ஐந்தாறு இடியாப்பம் சாப்பிடுவது உண்டு. எண்ணெய் இல்லை என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்து, முழுசாகப் பசையான மாவுச்சத்து வேகமாகச் செரித்து சர்க்கரையாகும். எண்ணிக்கையைக் குறைத்து, பருப்பும் காய்கறியும் போட்ட சொதியையோ, முட்டைக் குழம்பையோ கூட்டிக்கொள்வது உதவும். மைதாவோ அரிசியோ, இந்த விஷயத்தில் பெரிய யோக்கியன் யாரும் இல்லை.

மிச்சத்தை என்ன செய்வது?

இதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். அரிசி, கோதுமைப் பண்டங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சமைக்கும் சூட்டில் வித்துகள் சாகாது. சமைத்ததை வெளியே வைத்தால் முளைத்துப் பெருகும், நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது.

2008-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், 5 நாள் வெளியே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடுபடுத்திச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் மறுநாள் காலை பிணமாகக் கிடந்தார். மருத்துவ இதழில் 2011-ல் பதிவான நிகழ்வு இது. இவ்வளவு மோசமாக முடிவது மிக அரிது. பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு போகும். ஆனால் பிரஸ்ஸல்ஸ் குளிரில் நடந்தது என்றால், நம்ம வெயிலுக்கு 5 நாள் எல்லாம் தேவையில்லை.

காலையில் செய்த இடியாப்பம் மீந்தால், 2 மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிக் கலந்ததை வைக்கவே வேண்டாம், அது இன்னும் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜில் விறைத்த இடியாப்பத்தை ராத்திரி உதிர்த்து, கடுகு, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்துக் கிளறினால் இழை உடையாமல் தனித்தனியாக நிற்கும். காலையில் இருந்து அடுப்பு மேடையிலேயே மறந்து கிடந்தது என்றால், மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த நச்சுக்கு வாடையே கிடையாது. கொட்டிவிடுங்கள்.